காயல் பக்கத்துக் கிணறு

தாராவாவிலிருந்து ஒரு ராத்திரியும் பாதிப் பகலும்,
அரிசி மூட்டைகளின் மேல் படுத்தபடி.
வாந்தியெடுக்க இனி ஒன்றுமில்லை என்றானபோது
யாரோ சொன்னார்கள், தெரிகிறது என்று.
எனக்குத் தெரியவில்லை.
பிறகு தெரிந்தது:
பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு
அழிக்க மறந்ததுபோல்.

நீளம், நடந்தால் நாற்பது நிமிடம்.
அகலம், ஒரு சிகரெட்.

அங்கே இடமில்லை, வலமில்லை.
கடல் பக்கம், காயல் பக்கம்,
அவ்வளவுதான் திசை.
முதல் இரவில் தெரேசியா ஏதோ சொன்னாள்.
ஜெர்மன் கப்பலில் பதினோரு வருடம் சமைத்த
அவள் கணவன் இயோதேபா மொழிபெயர்த்தான்:
"உங்கள் காயல் பக்கக் கன்னத்தில் சோறு."
நான் தவறான கன்னத்தைத் துடைத்தேன்.
குழந்தைகள் பாயில் உருண்டு சிரித்தார்கள்.
மறுபடியும் துடைத்தேன்.
அதற்குள் நான் திரும்பி உட்கார்ந்திருந்ததால்
மறுபடியும் தவறு.

விடிந்ததும் குறிப்பேட்டில் எழுதினேன்:
கை படாத இடம்.
அவர்கள் மகன் பக்கோவா எட்டிப் பார்த்தான்.
பக்கோவா என்றால் சுறா. வயது ஏழு, முன்பல் இல்லாத சுறா.
"நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கிறதே,
என்ன எழுதியிருக்கிறாய்?"
மீன் நன்றாயிருந்தது என்று, என்றேன்.

கடலுப்பு தோலில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
கிணற்றடிக்குப் போனேன்.
முழங்கால் உயரச் சுவர், கை எட்டும் ஆழத்தில் தண்ணீர்.
விமான நிலையத்தில் வாங்கிய சோப்பு,
லாவெண்டர் வாசனை.
தலைக்கும் அதையே போட்டேன்.
நுரை காலடியில் ஓடுவதற்குள்
மணல் குடித்துவிட்டது.
வாளியோடு வந்த ஒரு பெண்
என்னைப் பார்த்தாள்,
புன்னகைத்தாள்,
காலி வாளியோடு திரும்பினாள்.
கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலைதான் அந்தப் படம் எடுத்தேன்.
பெண்கள் வரிசையாக வாளிகளோடு
தீவின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள்.
சூரியன் அவர்களுக்குப் பின்னால்
சட்டியில் உடைத்த முட்டைக் கருபோல்.
இயோதேபாவிடம் காட்டினேன்.
நீண்ட நேரம் பார்த்தான்.
"வெளிச்சம் நல்லா வந்திருக்கு."

மூன்றாம் நாள் சுறா கடித்தது.
கேமராவை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன்
தகப்பனிடம் கப்பல் ஆங்கிலம் படித்த பிள்ளை, கேட்டான்:
"இதில் அம்மா எங்கே போய்விட்டு வருகிறாள், தெரியுமா?"
தெரியாது.
"தண்ணிக்கு. நம் கிணற்றில்தான்
நீ குளித்துவிட்டாயே."

மழைதான் அந்தத் தண்ணீர்.
மண்ணுக்கடியில், கடல் நீரின் மேல்,
ஆறிய பாலில் ஆடைபோல் படிந்து கிடக்கிறது.
பார்த்துப் பார்த்து
விளிம்பில் தொட்டு எடுத்துக் குடிக்கிறார்கள்.
நான் அதில் லாவெண்டர் கலந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
இயோதேபா தூண்டில் முடிச்சைப் பல்லால் இறுக்கினான்.
"விருந்தாளி.
மழை வந்தால் சரியாகிவிடும்."
எப்போது வரும்?
கடல் பக்கம் பார்த்தான்,
காயல் பக்கம் பார்த்தான்,
மறுபடியும் முடிச்சுக்கே வந்தான்.

மீதி நாட்கள் நானும் வாளி தூக்கினேன்.
பாதி வழியில் பாதித் தண்ணீர்.
பெண்கள் என்னைப் பார்த்துப் பாட்டுக் கட்டினார்கள்.
அர்த்தம் கேட்டதற்கு
இயோதேபா மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

கப்பல் வந்தது. மழை வரவில்லை.
தெரேசியா பயணத்துக்கு என்று
இரண்டு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை.

படத்தை நான் அழிக்கவில்லை.
நல்ல படம்தான் அது.
ஒன்பது பெண்கள், ஒன்பது வாளிகள்.
கடைசியில் வரும் தெரேசியா
கடல் பக்கக் கையிலிருந்து
காயல் பக்கக் கைக்கு
வாளியை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.